"காலங்காலமான பகை" என்று சொல்லிவிட்டேன், மனசு ஒப்பவில்லை: ருவாண்டாவில் உண்மையில் நடந்தது என்ன?

சாரல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக ஆப்பிரிக்க நாடான ருவாண்டா பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1994 ஏப்ரல் 7இல் தொடங்கி ஜூலை நடுவரைக்கும், ஏறக்குறைய நூறு நாளில், எட்டு லட்சம் பேர். அதிகமும் சிறுபான்மையினரான துட்சிகள், கூடவே பெரும்பான்மை ஹூட்டுகளில் கொலைக்கு உடன்படாதவர்களும். விமானத்திலிருந்து குண்டு போட்டுக் கொன்றதில்லை, பெரும்பகுதி வெட்டுக்கத்தியும் ஆணி அடித்த தடியும்தான். படிக்கப் படிக்கத் தூக்கம் போய்விட்டது.

அண்ணன் மகள் பத்தாவது படிக்கிறாள். மேசையில் கிடந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு "அத்தை, இவங்க ஏன் இப்படிச் செஞ்சாங்க?" என்று கேட்டாள். "ரெண்டு இனத்துக்கும் காலங்காலமா பகை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே உறுத்தல். ஏனென்றால் அதே புத்தகத்தில், இரண்டு தரப்பும் பேசுவது ஒரே மொழி, கும்பிடுவது ஒரே தேவாலயத்தில், ஒரே குன்றில் அடுத்தடுத்த வீடு, பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. அப்படியென்றால் பகை எங்கிருந்து வந்தது? நேற்றுவரை பால் வாங்கிய வீட்டுக்குள் கத்தியோடு நுழைய ஒரு மனிதனால் எப்படி முடிந்தது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். கொலை நின்றதும் புத்தகங்கள் கடைசியில் நாலு பக்கத்தில் "பின்விளைவுகள்" என்று எழுதி முடித்துவிடுகின்றன. நிஜத்தில் அது முடிகிறதா? மற்ற நாடுகளில் நடந்தவை பற்றித் தெரிந்தவர்களும் சொல்லுங்கள். அவளிடம் ஒழுங்கான பதிலோடு போய் உட்கார வேண்டும்.

---

பழையதாள் எழுதியது:

சாரல் அக்கா, உங்களுக்கு உறுத்தியது சரிதான். "காலங்காலமான பகை" என்பது செய்தவர்களுக்கு மிகவும் வசதியான பதில், வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த நாடுகளுக்கு அதைவிட வசதி. 1994இல் பல வெளிநாட்டுச் செய்திகள் அப்படித்தான் எழுதின.

ஹூட்டு, துட்சி என்ற பிரிவு முன்பே இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மாடு வைத்திருப்பது, அரசவைக்கு நெருக்கமாக இருப்பது போன்றவற்றோடு சேர்ந்து அது ஓரளவு நெகிழ்ந்துகொடுத்தது. முதல் உலகப்போரில் ஜெர்மனியிடமிருந்து பெல்ஜியம் அந்த நாட்டைப் பிடித்தது. வந்தவர்கள் மூக்கையும் மண்டையையும் அளந்து, துட்சிகள் வடக்கேயிருந்து வந்த உயர்ந்த இனம், ஆளப் பிறந்தவர்கள் என்று முடிவு கட்டினார்கள். பதவியும் பள்ளிக்கூடமும் துட்சிகளுக்குப் போயின. 1930களில் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை வந்தது.

அந்த அட்டையின் படம் இணையத்தில் கிடைக்கும், பாருங்கள். ஒரு பக்கம் புகைப்படம். இன்னொரு பக்கம் ஹூட்டு, துட்சி, த்வா (மிகச் சிறிய மூன்றாவது பிரிவு) என்று வரிசையாக அச்சிட்டிருக்கும், பொருந்தாததை எல்லாம் பேனாவால் அடித்துவிடுவார்கள். அடிக்காமல் மிச்சம் விட்ட அந்த ஒரே சொல்தான் அறுபது வருடம் கழித்துச் சாலைத் தடுப்பில் உயிரா சாவா என்று தீர்மானித்தது.

விடுதலை நெருங்கும்போது பெல்ஜியர்கள் அப்படியே கட்சி மாறி ஹூட்டுத் தலைவர்கள் பக்கம் சாய்ந்தார்கள். 1959 முதல் துட்சிகள் கொல்லப்பட்டார்கள், லட்சக்கணக்கானவர்கள் உகாண்டாவுக்கும் புருண்டிக்கும் ஓடினார்கள். 1962இல் விடுதலை வந்தது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் என்னவென்றால், புதிதாக வந்த ஹூட்டு அரசு காலனியாட்சியை அவ்வளவு திட்டியது, அந்த அட்டையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது.

அப்புறம் 1980களின் கடைசியில் காபி விலை சரிந்தது, நாடு முழுக்க அதை நம்பிப் பிழைத்தவர்கள். 1990 அக்டோபரில் உகாண்டாவிலிருந்து அகதிகளின் பிள்ளைகள் படையாக உள்ளே வந்தார்கள், உள்நாட்டுப் போர். 1993 ஆகஸ்டில் பக்கத்து நாடான தான்சானியாவின் அருஷாவில் அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. அது நடைமுறைக்கு வந்தால் ஜனாதிபதியைச் சுற்றியிருந்த கூட்டத்துக்கு நாற்காலி போய்விடும். அந்தக் கூட்டம்தான் இளைஞர்களைச் சேர்த்து ஆயுதப் பயிற்சி கொடுத்தது, அதே 1993இல் ஒரு வானொலியையும் தொடங்கியது. நல்ல பாட்டு போடும், வேடிக்கையாகப் பேசும், நடுநடுவே துட்சிகளைக் "கரப்பான்பூச்சி" என்று சொல்லும். சும்மா கேட்டுக்கொண்டிருந்த பையன்களுக்கு அந்தச் சொல் பழகிப்போனது. கொலை தொடங்கியபின் கொல்வதற்கு அவர்கள் வைத்த பெயர் "வேலை". காலையில் கிளம்பி "வேலைக்கு"ப் போனார்கள்.

எல்லாம் தெரியாமல் நடந்தது என்றும் சொல்ல வழியில்லை. 1994 ஜனவரி 11ஆம் தேதியே ஐ.நா. படைத் தளபதி டலேர், ஆயுதம் பதுக்குகிறார்கள், தலைநகர் கிகாலியில் துட்சிகளைக் கணக்கெடுக்கிறார்கள், கொல்வதற்காகத்தான் என்று உள்ளிருந்து சேதி சொன்னவர் சந்தேகப்படுகிறார் என்று நியூயார்க்கிற்குத் தகவல் அனுப்பினார். ஆயுதக் கிடங்கைச் சோதனை போட அனுமதி கிடைக்கவில்லை. கொலை உச்சத்தில் இருந்த ஏப்ரல் 21ஆம் தேதி பாதுகாப்பு அவை படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. பத்து பெல்ஜியச் சிப்பாய்கள் கொல்லப்பட்டு, பெல்ஜியம் ஏற்கெனவே கையைக் கழுவியிருந்தது.

---

ஊர்க்குருவி எழுதியது:

ஜனாதிபதி ஹப்யாரிமானாவின் விமானத்தை ஏப்ரல் 6 இரவு சுட்டு வீழ்த்தினார்களே, அந்தக் கோபத்தில் மக்கள் கொந்தளித்ததுதான் காரணம் என்று நான் படித்திருக்கிறேன். அதை நீங்கள் சொல்லவே இல்லையே சகோ?

---

பழையதாள் எழுதியது:

சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். விமானம் தீப்பொறி, சரி. ஆனால் கொந்தளிப்பு என்றால் நாடு முழுக்க ஒரே நேரத்தில் எரிந்திருக்க வேண்டும் இல்லையா? தெற்கே பூட்டாரே மாகாணத்தைப் பாருங்கள். துட்சிகள் அதிகம் வாழ்ந்த இடம். மாகாணத் தலைவராக ஒரு துட்சி இருந்தார், நாட்டிலேயே அந்தப் பதவியில் இருந்த ஒரே துட்சி அவர்தான். விமானம் விழுந்து பத்து நாளுக்கு மேல் அங்கே பெரிய அளவில் கொலை நடக்கவில்லை, வேறு இடங்களிலிருந்து மக்கள் அங்கே ஓடிவந்தார்கள். அவரைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். ஏப்ரல் 19 அன்று இடைக்கால ஜனாதிபதியே பூட்டாரேவுக்கு வந்து, ஒதுங்கி நிற்காதீர்கள், "வேலை"யைச் செய்யுங்கள் என்ற பொருளில் பேசினார். அதற்குப் பிறகுதான் அங்கே தொடங்கியது. அந்தத் துட்சி அதிகாரியும் பின்னால் கொல்லப்பட்டார். மக்களின் கோபம் இப்படி அதிகாரி மாறும்வரை காத்திருக்குமா, யோசியுங்கள்.

---

மணல்வீடு எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் ஏற்கிறேன், ஆனால் எல்லாவற்றையும் மேலே இருப்பவர்கள் தலையில் கட்டிவிட்டால் சாரல் கேட்ட கேள்விக்குப் பதில் வராது. அவர் கேட்டது பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி.

1942 ஜூலை 13, போலந்தில் யோசெஃபூவ் என்ற சிற்றூர். நாஜி ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து வந்த 101ஆம் சேமக் காவல் படைப்பிரிவு, ஏறத்தாழ 500 பேர். பெரும்பாலும் நடுத்தர வயது, துறைமுகத் தொழிலாளி, லாரி ஓட்டுநர், எழுத்தர் என்று குடும்பஸ்தர்கள். விடியற்காலையில் நிற்க வைத்து, இந்த ஊர் யூதர்களில் வேலைக்கு ஆகும் ஆண்களைப் பிரித்துவிட்டு, பெண்கள், குழந்தைகள், முதியவர்களைச் சுட வேண்டும் என்று மேஜர் சொன்னார். சொல்லும்போது அவருக்கே கண்ணில் நீர். வயதில் மூத்தவர்களில் முடியாது என்பவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். முதலில் விலகியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அன்று சுடப்பட்டவர்கள் ஏறக்குறைய 1,500 பேர்.

விலகியவர்களை யாரும் சுடவில்லை, சிறையில் தள்ளவும் இல்லை. பின்னாளில் நடந்த விசாரணைகளில், மறுத்ததற்காகக் கொடுந்தண்டனை பெற்ற ஒருவரைக்கூட யாராலும் காட்ட முடியவில்லை. பிறகு ஏன் சுட்டார்கள்? கூட நிற்பவன் கோழை என்று நினைப்பான், நம் பங்கு வேலையை அவன் செய்ய வேண்டியிருக்கும், இந்த மாதிரிக் காரணங்கள்தான் வாக்குமூலங்களில் வருகின்றன. இதைப் படித்த அன்று நான் வீட்டில் யாரோடும் பேசவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. 1943 அக்டோபரில் டென்மார்க்கில் நாஜிகள் யூதர்களைப் பிடிக்கப் போகிறார்கள் என்ற சேதி கசிந்ததும், மீனவர்கள் படகில் ஏற்றி 7,000க்கு மேற்பட்டவர்களை ஸ்வீடனுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள். அங்கே யூதர்களைத் தனியாகப் பிரிக்கும் சட்டத்துக்கு அதுவரை யாரும் இடம் கொடுத்திருக்கவில்லை. ஜெர்மனியிலோ 1933இல் அரசு வேலையிலிருந்து நீக்கம், 1935இல் குடியுரிமைச் சட்டம், 1938 நவம்பரில் கடைகளையும் தொழுகைக் கூடங்களையும் எரித்தது என்று ஒவ்வொன்றாக நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒவ்வொரு படியிலும் சும்மா இருந்தார், சிலர் காலியான கடையை மலிவாக வாங்கவும் செய்தார்கள். அந்தக் கடையை வாங்கியவர் பழைய முதலாளி திரும்பி வரவேண்டும் என்று ஆசைப்படுவாரா?

---

கறுப்புக்கோட்டு எழுதியது:

சட்டம் படித்தவன் என்ற முறையில் ஒரு விஷயம் சேர்க்கிறேன். இதற்கென்று ஒரு சொல்லே (ஆங்கிலத்தில் "genocide") 1944 வரை உலகத்தில் இல்லை. அதை உருவாக்கியவர் ரஃபேல் லெம்கின், போலந்து யூதர். மாணவராக இருந்தபோது 1921இல் பெர்லினில் ஒரு வழக்கு நடந்தது. ஆர்மீனியர்களை 1915இல் பாலைவனத்துக்குத் துரத்தி அழித்த உத்தரவுகளுக்குப் பின்னால் இருந்த ஒட்டோமான் துருக்கி அமைச்சர் தலாத் பாஷாவை ஓர் ஆர்மீனிய இளைஞர் தெருவில் சுட்டுக் கொன்றார். ஒருவரைக் கொன்றவனுக்கு வழக்கு உண்டு, லட்சக்கணக்கானவர்களைக் கொன்றவனுக்கு ஏன் இல்லை என்று லெம்கின் பேராசிரியரிடம் கேட்டார். தன் கோழிகளை ஒருவன் கொன்றால் அடுத்தவன் தலையிட முடியுமா, நாடும் அப்படித்தான் என்ற ரீதியில் பதில் வந்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். நாஜிகளிடம் தன் குடும்பத்தில் 49 பேரைப் பறிகொடுத்தவர். 1948 டிசம்பர் 9 அன்று இந்தக் குற்றத்துக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை நிறைவேறியது, அதற்காக ஒவ்வொரு தூதரகமாக ஏறி இறங்கியவர் அவர்.

நாம் "இனப்படுகொலை" என்று சொல்வதால் பலர் பிணங்களின் எண்ணிக்கையைத்தான் தேடுகிறார்கள். உடன்படிக்கை ஐந்து செயல்களைச் சொல்கிறது, கொலை அதில் ஒன்று. கடுமையான உடல், மனத் தீங்கு, வாழவே முடியாத நிலைமையைத் திணிப்பது, பிறப்பைத் தடுப்பது, பிள்ளைகளைப் பறித்து வேறு கூட்டத்தில் சேர்ப்பது, இவையும் அதே குற்றம்தான். ஈழத்தவர்கள் சொல்லும் "இனவழிப்பு" என்ற சொல் இதற்கு இன்னும் நெருக்கம் என்பது என் எண்ணம். நீதிமன்றத்தில் கடினமானது, ஒரு கூட்டத்தை அந்தக் கூட்டம் என்பதற்காகவே முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்தது என்று நிரூபிப்பதுதான். இன்னொரு ஓட்டை, அரசியல் காரணத்துக்காக அழிக்கப்படும் கூட்டம் அந்த வரையறைக்குள் வராது, சோவியத் யூனியன் உட்படச் சில நாடுகள் எதிர்த்து அதை நீக்கவைத்தன. அதனால் கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியில் 1975 முதல் 1979 வரை 17 லட்சம் பேர் வரை இறந்தும், 2018இல் வந்த இனவழிப்புத் தீர்ப்பு வியட்நாமியர், சாம் முஸ்லிம்கள் பற்றியது மட்டுமே. பெரும்பான்மையான கெமர் மக்களின் சாவு வேறு குற்றங்களின் பெயரில் பதிவானது.

ருவாண்டாவுக்காக அருஷாவில் அமைந்த ஐ.நா. நீதிமன்றம்தான் 1998 செப்டம்பர் 2 அன்று இந்த உடன்படிக்கையின்கீழ் உலகின் முதல் சர்வதேசத் தீர்ப்பை வழங்கியது. குற்றவாளி ஜான் பால் அக்காயேசு, தாபா என்ற ஊரின் தலைவர், அதற்கு முன் ஆசிரியர். பழையதாள் சொன்ன பூட்டாரே கதைக்கு இது ஜோடி: ஏப்ரல் 18 வரை அக்காயேசு தன் ஊரில் கொலையைத் தடுக்க முயன்றார், அன்று மேலிடத்தார் கூட்டிய கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தபின் ஆள் மாறிவிட்டார். பாலியல் வன்முறையும் இனவழிப்பின் ஒரு வழி என்று சொன்ன முதல் தீர்ப்பும் இதுதான். தீர்ப்பு எழுதிய மூன்று நீதிபதிகளில் ஒருவர் நவநீதம் பிள்ளை, டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் ஒரு பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்தவர். 2003இல் அந்த வானொலிக்காரர்களைத் தண்டித்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அண்ணன் மகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

---

வன்னிக்காற்று எழுதியது:

அட்டை, பட்டியல் என்று வாசித்தவுடன் எனக்குக் கை நடுங்கிவிட்டது. 1983 ஜூலையில் கொழும்பில் எங்கள் வீடுகளைத் தேடி வந்தவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீட்டில் தமிழர், எந்த வீட்டில் வாடகைக்குத் தமிழர் என்றெல்லாம் பார்த்துப் பார்த்து எரித்தார்கள். அதற்கு 35 வருடம் முந்தி, 1948இல், மலையகத் தமிழர் லட்சக்கணக்கானோரின் குடியுரிமையை ஒரு சட்டம் பறித்திருந்தது. ரோஹிங்கியா மக்களுக்கும் மியான்மாரில் 1982 குடியுரிமைச் சட்டம் முதலில் வந்தது, 2017இல் ஊர்கள் எரிந்தன, ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். முதலில் கடதாசியில் ஆளை இல்லாமல் ஆக்குகிறார்கள்.

2009 முள்ளிவாய்க்கால் பற்றி இங்கே நீண்டு கதைக்க விரும்பவில்லை, ஒவ்வொருவருக்கும் காயம் இருக்கிறது. இனவழிப்பு என்று எந்த நீதிமன்றமும் இதுவரை தீர்ப்பளிக்கவில்லை என்பதும் தெரியும். ஐ.நா. விசாரணைகள் போர்க்குற்றம், மானுடத்துக்கு எதிரான குற்றம் என்ற சொற்களோடு நின்றன, கனடா நாடாளுமன்றம் 2022இல் மே 18ஐ தமிழ் இனவழிப்பு நினைவு நாளாக ஏற்றது. நான் சொல்ல வந்தது சாரலின் இரண்டாவது கேள்விக்கு. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் வீதியோரம் கொட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். இராணுவத்தின் கையில் கொடுத்தனுப்பிய பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். ஒன்றிரண்டு அல்ல, பல அம்மாக்கள் பதில் கிடைக்காமலே செத்துப்போனார்கள். முடிகிறதா என்று கேட்டீர்கள் சகோதரி.

---

நெடுவழி எழுதியது:

வன்னிக்காற்று, உங்களுக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் சொன்னதை ஒட்டியே தொடர்கிறேன்.

பொஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிகா. ஐ.நா. "பாதுகாப்புப் பகுதி" என்று அறிவித்த இடம். 1995 ஜூலையில் பொஸ்னிய செர்பியப் படையினர் 8,000க்கும் அதிகமான முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்று பெருங்குழிகளில் புதைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து, செயற்கைக்கோள் படத்தில் குழிகள் தெரிந்துவிட்டன என்றதும், மண்வாரி இயந்திரங்களைக் கொண்டுவந்து உடல்களைத் தோண்டி, லாரியில் ஏற்றி, வேறு குழிகளில் கொட்டினார்கள். இயந்திரம் அள்ளும்போது உடல்கள் துண்டாயின. அதனால் ஒரே மனிதரின் எலும்புகள் பல கிலோமீட்டர் தள்ளித்தள்ளி நாலைந்து குழிகளில் கிடைக்கின்றன. உறவினர்களின் இரத்தத்தை எடுத்து மரபணுவோடு ஒப்பிட்டு, ஏழாயிரம் பேருக்கு நெருக்கமாக அடையாளம் கண்டிருக்கிறார்கள், உலகத்தில் வேறெங்கும் இந்த அளவு நடந்ததில்லை. ஒரு தாய்க்குத் தொலைபேசி வரும், உங்கள் மகனின் தொடையெலும்பு கிடைத்திருக்கிறது என்று. இப்போதே அடக்கம் செய்யவா, மற்றதும் கிடைக்கட்டும் என்று காத்திருக்கவா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு ஜூலை 11லும் போட்டோச்சாரி கல்லறைத் தோட்டத்தில் அந்த வருடம் அடையாளம் கண்டவர்களை அடக்கம் செய்கிறார்கள். புதைத்த பிறகு இன்னொரு எலும்பு கிடைத்து, கல்லறையைத் திரும்பத் திறந்ததும் உண்டு. அதே ஊரில் இன்றும் நடந்ததே இல்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அந்தத் தாய்மார்கள் அவர்களைத் தாண்டித்தான் கடைக்குப் போய்வர வேண்டும்.

நமீபியாவுக்குப் போனால் இன்னும் பழையது, அன்று அது ஜெர்மன் காலனி. 1904 அக்டோபர் 2 அன்று ஜெர்மன் தளபதி வான் ட்ரோத்தா, ஆயுதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹெரேரோ இனத்தவர் எவரையும் சுடு என்று உத்தரவிட்டார், மக்களை நீரில்லாத ஒமஹேக்கே பாலைக்குள் துரத்தினார்கள். பிழைத்தவர்களை முகாம்களில் அடைத்தார்கள். இறந்தவர்களின் தலைகளைக் கொதிக்கவைத்து, கண்ணாடிச் சில்லால் சதையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் வேலையைச் சிறைப்பட்ட பெண்களுக்குக் கொடுத்தார்கள். அந்த மண்டையோடுகள் "ஆராய்ச்சி"க்கு பெர்லின் போயின. சிலவற்றைத் திருப்பித் தரத் தொடங்கியது 2011இல்தான். 2021இல் ஜெர்மனி அதை இனவழிப்பு என்று ஒப்புக்கொண்டு 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாகச் சொன்னது, ஆனால் இழப்பீடு என்ற சொல்லைத் தவிர்த்தது. எங்களை உட்காரவைத்துப் பேசவில்லையே என்று பல ஹெரேரோ தலைவர்களும், அதே கதிக்கு ஆளான நாமா இனத்தின் தலைவர்களும் மறுத்துவிட்டார்கள். அன்று பறித்த நிலம் பெரும்பகுதி இன்னும் வெள்ளையர் பண்ணைகளாகத்தான் இருக்கிறது.

ருவாண்டாவுக்கே திரும்பினால், உகாண்டாவிலிருந்து வந்த அந்த அகதிப் பிள்ளைகளின் படை ஆட்சியைப் பிடித்ததும் கொலையாளிகளும் அவர்களோடு சேர்ந்து 20 லட்சம் பேரும் எல்லை தாண்டினார்கள். காங்கோவின் எல்லை நகரமான கோமாவின் முகாம்களில் காலராவில் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள், முகாம்களைக் கொலையாளிகளே நடத்தினார்கள், அதைச் சாக்கிட்டு 1996இல் ருவாண்டா படை காங்கோவுக்குள் போனது. கிழக்குக் காங்கோ இன்றுவரை எரிகிறது, 2025 ஜனவரியில்கூட கோமா நகரம் கிளர்ச்சிப் படையிடம் மறுபடி விழுந்தது. உள்ளே நீதிமன்றங்களால் தாங்க முடியாத அளவு கைதிகள் சேர்ந்துவிட்டதால், ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி "கச்சாச்சா" என்று 12,000க்கும் மேற்பட்ட மன்றங்கள் அமைத்தார்கள், புல்தரையில் ஊரே கூடி உட்காரும். ஒப்புக்கொண்டால், உடல் எங்கே என்று காட்டினால் தண்டனை குறையும். குறைகளும் நிறைய, சாட்சி சொன்னவர்களைக் கொன்றிருக்கிறார்கள், ஆட்சிக்கு வந்த படை செய்த கொலைகள் அங்கே பேசப்படவில்லை. ஆனாலும் தன் தம்பியை எந்தக் குழியில் போட்டார்கள் என்று ஓர் அக்காவுக்கு அங்கேதான் தெரிந்தது. தண்டனை முடித்தவர் அதே குன்றுக்கு, அதே பக்கத்து வீட்டுக்கே திரும்பி வருகிறார். இப்போதைய அடையாள அட்டையில் அந்த வரி கிடையாது.

---

சாரல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, வன்னிக்காற்று உங்களுக்குத் தனியாக. நேற்று இரவு அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று முதலில் சொன்னேன். அட்டையின் படத்தைக் காட்டினேன். அடித்த கோடுகளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா ஒண்ணு, அப்பா வேறன்னா குழந்தைக்கு எதை அடிப்பாங்க?" என்று கேட்டாள். அப்பாவுடையதைத்தான் வைப்பார்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ அப்பா ஹூட்டு, அம்மா துட்சின்னா, ரோட்டுல நிறுத்தினா பிள்ளையை விட்டுட்டு அம்மாவை மட்டும் கூட்டிட்டுப் போவாங்களா?" என்றாள்.

பல இடங்களில் அப்படித்தான் நடந்தது என்று சொன்னேன். அவள் எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். கலப்புக் குடும்பங்களில் பிழைத்தவர்கள் பின்னாளில் சொன்ன வாக்குமூலங்கள் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். நான் முதலில் படித்துவிட்டு, பிறகு அவளிடம் கொடுக்கிறேன்.